எனக்கும் அண்ணனுக்கும் ஒரே 'பார்டர்'

ஆபீஸில் வருஷா வருஷம் எடுக்கும் டெஸ்ட்டில் வெறும் வயிற்றுச் சுகர் 108 என்று வந்தது. "பார்டர்தான் சார், பயப்படாதீங்க" என்று லேபில் சொன்னதை நம்பி எட்டு மாசம் சும்மா இருந்துவிட்டேன். அந்த 'பார்டர்' என்ற வார்த்தையே ஒரு தாலாட்டு.

அப்புறம் ஒரு டாக்டர் சொல்லித்தான் குளுக்கோஸ் டெஸ்ட்டுக்குப் போனேன். காலையில் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி, ஐந்து நிமிஷத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வாயிலேயே குமட்டியது, எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிந்து கொடுத்ததால் தப்பித்தேன். இரண்டு மணி நேரம் டீ கிடையாது, நடக்கவும் கூடாது, பாதியில் எழுந்து போனால் இன்னொரு நாள் முதலிலிருந்து குடிக்கணும். ரிசல்ட் 168. 140க்குக் கீழே என்றால் சரி, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் அதற்கு முன்நிலை. 'பார்டர்' என்பது இதுதான்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை, இன்ச் டேப்பை எடுத்தார். "34 சைஸ் பேண்ட் சார்" என்றேன். தொப்பைக்குக் கீழே மாட்டுவதெல்லாம் இடுப்பளவு ஆகாது என்று சிரித்துவிட்டு, மூச்சை விடச் சொல்லி அளந்தார்: 95 சென்டிமீட்டர். அப்புறம் சுகர் வரும் ஆபத்துக்குப் புள்ளி போட்டார்: 41 வயசுக்கு 20, இடுப்பு 90ஐத் தாண்டியதற்கு 10, அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் 10, உட்கார்ந்தே வேலை பார்த்து உடற்பயிற்சியும் செய்யாததற்கு 30, ஆக மொத்தம் 70. 60 வந்தாலே ஆபத்து அதிகம். சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழு உருவாக்கிய கணக்கு இது, வீட்டிலேயே காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம்.

பொங்கலுக்குத் திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது அண்ணனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டேன். "டேய், வயல்ல கிடக்கிறவனுக்கு என்னடா சுகர்?" என்றார். அவருக்கு 60. நம்பாமல் டெஸ்ட்டுக்கு வந்தார், குளுக்கோஸ் குடித்த பிறகு 151.

யோசித்துப் பார்த்தால் அதிசயமில்லை. எங்கப்பா ஏர் ஓட்டினார், அண்ணனுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், மோட்டார் கொட்டகைக்குப் போக பைக். சோறு மட்டும் அப்பா சாப்பிட்ட அளவுதான், மூணு வேளையும் அரிசி, நடுவில் நாலு டீ. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் நாடு முழுக்க 1.13 லட்சம் பேரைப் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரை நோய் நகரத்தில்தான் அதிகம், ஆனால் இந்த முன்நிலை 15.3 சதவீதம், அதில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. எங்கள் வீட்டிலேயே அதுதான் நடந்திருக்கிறது.

தினம் நாற்பது நிமிஷ நடை, ராத்திரி சோற்றைப் பாதியாக்கியது, ஆறு மாசத்தில் நாலரைக் கிலோ குறைந்தது. இப்போது எனக்கு 136. ரோட்டில் சும்மா வாக்கிங் போனால் ஊர் சிரிக்கும் என்று அண்ணன் கொட்டகைக்கு நடந்தே போகிறார், டீயில் அரை ஸ்பூன்தான் சர்க்கரை (கடையில் குடிக்கிற டீ கணக்கில் வராது என்கிறார் அண்ணி). மறு டெஸ்ட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அந்த குளுக்கோஸ் தண்ணியை இன்னொரு தடவை குடிக்க மாட்டாராம்.