நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு விழித்திரைப் படம்?

ஆரோக்கியமான பிள்ளைகளின் விழித்திரையைப் படமெடுத்துக் கண் எப்படி வளர்கிறது என்று ஆராய்கிறோம், உங்கள் மகளையும் சேர்க்கலாமா என்று கொழும்பில் ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் கேட்டார்கள். வீட்டில் சொன்னதும் மாமிக்குக் கோபம். "நல்லா இருக்கிற கண்ணுக்குள்ள என்னத்துக்கு வெளிச்சம் அடிக்கிறீங்கள்?" நியாயமான கேள்வி. அதை அப்படியே கொண்டுபோய் வைத்தியரிடம் கேட்டேன்.

அவர் விளக்கியதைக் கேட்டுத்தான் சம்மதித்தேன். ஓசிடி (OCT) என்கிற இந்தப் படமெடுக்கும் முறை 1991இல் வந்தது. எக்ஸ்ரே இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்து விழித்திரையைப் படை படையாகக் காட்டும். பிறகு ஒவ்வொரு இடத்தின் தடிப்பையும் சாதாரண அளவோடு ஒப்பிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடும். ஆனால் பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கிற அந்தச் சாதாரண அளவுகள் 18 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்தவை! ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு காட்டினால் அது நோயா, இல்லை கண் இன்னும் வளர்கிறதா என்று எப்படிச் சொல்வது? பிறக்கும்போது கண்ணின் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான், பெரியவர்களுக்கு 23, 24 வரும். கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுக்குழியும் பிறந்தவுடன் முழுமையாக இருக்காது, உட்படைகள் ஓரத்துக்கு விலகி, ஒளியை உணரும் கூம்புக் கலங்கள் நடுவில் நெருங்கி வந்து சேர வருடக்கணக்கில் எடுக்கும். நோயுள்ள பிள்ளையின் படத்தைச் சரியாக வாசிக்க, நோயில்லாத பிள்ளைகளின் படங்கள் வேண்டும். மாமிக்கும் இதைத்தான் சொன்னேன், பிறகு அவர் மறுக்கவில்லை.

சம்மதப் படிவம் தமிழிலேயே இருந்தது. காரணம் சொல்லாமல் எப்போதும் விலகலாம், பெயருக்குப் பதில் இலக்கம்தான் போடுவார்கள். படத்தில் தற்செயலாக ஏதும் குறை தெரிந்தால் எங்களுக்கு யார் சொல்வது என்பது மட்டும் தெளிவாக இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்கினேன், நீங்களும் கேளுங்கள். மகளிடமும் தனியாக "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது.

கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து கொஞ்சம் எரியும், அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அப்புறம் இயந்திரத்துக்கு முன்னால் இருத்தினால் நாடி தாங்கிக்கு எட்டவில்லை, கதிரையில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியையே பார்க்க வேண்டும், ஆனால் குறுக்கே ஓடுகிற சிவப்புக் கோடுதான் பிள்ளைக்குச் சுவாரசியம், கண் அதன் பின்னாலேயே போகும், படம் குழம்பும். படமெடுத்த சிங்களச் சகோதரி அவசரப்படவே இல்லை. "துவ (மகள்), ஒருக்கா கண்ண மூடித் திறங்க... இப்ப புள்ளியப் பாருங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சொல்லி எடுத்தார். கண் சிமிட்டாமல் விழித்துக்கொண்டே இருந்தால் கண்ணீர்ப் படலம் காய்ந்து படம் மங்கிவிடுமாம். சிமிட்டியவுடன் எடுத்தது பளிச்சென்று வந்தது. திரையில் அந்தச் சின்னக் குழியை மகளுக்கும் காட்டினார்கள்.

வெளியே காலி வீதி வெயில் அவளுக்குக் கூசியது, தொப்பி கட்டாயம் கொண்டு போங்கள். கிட்டத்தில் இருக்கிற எழுத்தும் மங்கலாகத் தெரியும், வீட்டுப்பாடம் செய்ய முடியாது, அதனால் பள்ளி விடுமுறை நாளாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே பிள்ளையை வளர வளரப் படமெடுத்தால்தான் மாற்றம் சரியாகத் தெரியும் என்று அடுத்த வருடமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் கேட்டுவிட்டேன், வருகிறாளாம்.