இறங்கப் பழகிய மூன்று வாரங்கள்

புதிய சியர்லீடிங் அணியின் பொறுப்பை ஏற்ற முதல் நாளே பெண்கள் கேட்ட கேள்வி, "அக்கா, எப்போது மேலே ஏறுவோம்?" என்பதுதான். 16 பேரில் 5 பேர் மட்டுமே ஏற்கெனவே ஸ்டன்ட், அதாவது ஒருத்தியை மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்தும் சாகசம், செய்தவர்கள். "இறங்கப் பழகிய பிறகு" என்றேன். முகங்கள் வாடிவிட்டன. ஆனாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை என்று போன சீசன் முடியும்போதே தீர்மானித்திருந்தேன்.

போன சீசனில் இரண்டாவது வாரமே தோள் உயர ஸ்டன்டுக்குப் போய்விட்டோம். ஒரு ஃபிளையர், அதாவது மேலே தூக்கப்படுபவள், பக்கவாட்டில் சாய்ந்தாள். அவளைத் தாங்கி நின்ற இரண்டு பேஸ்களும் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். விழுந்தவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்வாங்கியவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. மேலிருந்து ஓர் உடல் விழுந்தால் விலகுவதுதான் மனித இயல்பு. விழுபவளை நோக்கி ஓரடி முன்னால் வைக்கும்படி அந்தக் கால்களைப் பழக்குவது பயிற்சியாளரின் வேலை. நான் அதைச் செய்திருக்கவில்லை.

இந்த முறை முதலில் பெற்றோரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். பாம்பாம் என்ற வண்ணக் குஞ்சங்களைப் பிடித்து ஆடுவதுதானே என்று சிலர் நினைத்திருந்தார்கள். 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று முழக்கத்தை வழிநடத்தியதில் தொடங்கி, 2021இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு சியர்லீடிங்கின் உலகக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்ததுவரை சுருக்கமாகச் சொன்னேன். பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தேன்: ஒரு ஸ்டன்ட் குழுவுக்கு நான்கு பேர். ஒருத்தி வராவிட்டால் மற்ற மூவரும் அன்று சும்மா நிற்க வேண்டும். வருகைக்கான விதியை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் வாரம் முழுக்கத் தரையில்தான். கை அசைவுகள், குதித்தல், எட்டு வரை எண்ணுதல். கை அசைவில் பலருக்கும் வரும் தவறு மணிக்கட்டை மடக்குவது. முழங்கையிலிருந்து முஷ்டிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். கால்களை இருபுறமும் விரித்துக் குதிக்கும் டோ டச்சில் கால்விரல்களைத் தொடுவதற்காகக் குனியக் கூடாது; நெஞ்சு நிமிர்ந்திருக்க, கால்கள்தான் கைகளைத் தேடி மேலே வர வேண்டும். கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடக்கித் தரையிறங்குவதற்கே ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவானது.

இரண்டாவது வாரம் கிரேடில். மேலிருந்து வரும் ஃபிளையரைப் படுக்கைவாக்கில் கைகளில் ஏந்தும் முறை அது. இரண்டு பேஸ்களும் ஆளுக்கு ஒரு கையை முதுகின் கீழும் மற்றொன்றைத் தொடைகளின் கீழும் கொடுக்க, பேக்ஸ்பாட் பின்னாலிருந்து அக்குளின் கீழ் வாரிப் பிடிப்பாள். தலையும் கழுத்தும் அவள் பொறுப்பு. நாங்கள் யாரையும் தூக்காமல், ஒருத்தியைக் கைகளில் வெறுமனே படுக்கவைத்தே தொடங்கினோம். படுப்பவளுக்கும் அது எளிதல்ல. பயம் வந்தால் முழங்கால் மடங்கும், கைகள் துழாவும். உடம்பைக் கட்டையாக இறுக்கி வைத்திருப்பவளைத்தான் பாதுகாப்பாகப் பிடிக்க முடியும்.

இந்த வாரத்தில்தான் எல்லோரையும் எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்த்தேன். ஒல்லியானவள் என்றால் ஃபிளையர் என்று முன்பெல்லாம் முதல் நாளே எழுதிவிடுவேன். அது சரியல்ல. எல்லோரும் ஃபிளையராக்க நினைத்த சின்னப் பெண் பேஸாக நின்றபோது அவள் கால்கள் தரையில் வேரூன்றியதுபோல் இருந்தன. அதிகம் பேசாத உயரமான பெண் பேக்ஸ்பாட் இடத்துக்கு வந்ததும் அவள் கண் மேலிருப்பவளை விட்டு ஒரு நொடிகூட நகரவில்லை. குழுவுக்காக எண்ணும் குரலும் அவளுடையதே ஆனது. அவ்வளவு கணீரென்ற குரலை அதுவரை எங்கே வைத்திருந்தாளோ!

மூன்றாவது வாரம் தொடை உயரம் மட்டும். கூடவே ஒரு விதி: நால்வரில் யார் "இறக்கு" என்றாலும் உடனே இறக்க வேண்டும், ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் அதைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருத்தி வேண்டுமென்றே அதைச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். கேட்பதற்கு விளையாட்டுபோல் இருக்கும். எனக்குக் கைகொடுத்த பயிற்சிகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

நான்காவது வாரம் தோள் உயரம். மூன்று குழுக்கள் தடங்கலின்றி ஏறி இறங்கின. நான்காவது குழுவில் ஃபிளையரின் வலது பாதம் பேஸின் கையில் சற்று வழுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் "இறக்கு" என்று அந்த உயரமான பெண்ணின் குரல் கேட்டது. இரண்டு பேஸ்களும் உள்நோக்கி ஓரடி வைத்தார்கள். ஃபிளையர் உடம்பை இறுக்கியபடி நேராக அவர்கள் கைகளில் வந்து விழுந்தாள்.

பயிற்சிக்கூடமே ஒரு கணம் அமைதியாக இருந்தது. கைகளில் படுத்தவாறே அவள் என்னைப் பார்த்து, "அக்கா, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணலாமா?" என்றாள்.