தெருவில் குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை: மண் மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய குடிநீர்க் குழாயை எடுத்துவிட்டுப் புதியது பதிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை நாள் தண்ணீர் வராது?" என்பதுதான். அதற்கு யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். கேட்டால் மட்டுமே தெரியவருபவை வேறு: குழாயின் விட்டம், அது எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு ஆழத்தில் எந்தப் பக்கமாகப் போகிறது, வீட்டு இணைப்பை யார் மாற்றித் தருவார், சாலையை யார், எப்போது போடுவார். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குழாய் ஓர் ஒப்பந்தத்திலும் சாலை இன்னொரு ஒப்பந்தத்திலும் இருந்தால் நடுவில் தெரு மாதக்கணக்கில் புழுதியாகக் கிடக்கும். எங்கள் தெருவில் பணி ஆணையின் நகலையும் வரைபடத்தையும் முதலிலேயே எழுதிக் கேட்டு வாங்கினோம். பின்னால் வந்த தகராறுகள் பலவும் அந்த இரண்டு தாள்களைக் காட்டியதும் அடங்கிவிட்டன.

தோண்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டின் சுற்றுச்சுவரையும் வாசல்படியையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். விரிசல் கோட்டைத் தாண்டி நீண்டால் அது பழையதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. கழிவுநீர் இணைப்பும் கேபிள்களும் தெருவை எங்கே கடக்கின்றன என்பதை வாசல் தூணிலிருந்து டேப்பால் அளந்து, சுவரில் பெயின்டால் குறித்துவிடுங்கள். சாக்பீஸ் குறி ஒரு மழைக்குத் தாங்காது. குறி இருக்கும் இடங்களில் பொக்லைனை நிறுத்திவிட்டு ஆளை வைத்துத் தோண்டச் சொல்ல வேண்டும். இணைப்பு உடைந்த பிறகு ஒட்டுப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

போக்குவரத்து உள்ள தெருவில் குழாயின் மேற்புறத்திலிருந்து சாலை மட்டம் வரை 90 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை மண் இருப்பது வழக்கம். பாறை தட்டினாலோ வேலை நாள் தள்ளிப்போனாலோ முதலில் குறைவது இந்த ஆழம்தான். தினமும் மாலையில் ஒருவர் டேப்போடு போய் அளந்து படம் எடுத்தால் போதும், வேலை தானாக ஒழுங்காகும். கழிவுநீர்க் குழாயிலிருந்து பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளிப் பதிப்பது நல்லது. குறுகலான தெருவில் அதற்கு இடம் இருக்காது. இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்திலாவது குடிநீர்க் குழாய் மேலேயும் கழிவுநீர்க் குழாய் கீழேயும், நடுவில் 45 செ.மீ. இடைவெளியோடும் இருக்க வேண்டும். கடக்கும் இடத்தில் ஒரு முழு நீளக் குழாயின் நடுப்பகுதி வருமாறு வைத்தால் இணைப்புகள் இரு பக்கமும் தள்ளிப் போய்விடும். அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளி நீர் உள்ளே இழுக்கப்படுவது பெரும்பாலும் இணைப்பின் வழியாகத்தான்.

பள்ளத்தின் அடியில் 10 முதல் 15 செ.மீ. மணல் படுக்கை வேண்டும். கல் நீட்டிக்கொண்டிருக்கும் தரையில் குழாயை வைத்தால் மேலே லாரி போகும்போது மொத்தப் பாரமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ரப்பர் வளையம் வைத்த இரும்புக் குழாய் என்றால், தடித்த வாய்ப்பகுதிக்குக் கீழே கொஞ்சம் குழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அந்த வாயில் மட்டும் தாங்கி நிற்கும்.

கறுப்பு எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்) குழாயாக இருந்தால், சூடாக்கி ஒட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரு முனைகளையும் சீவிச் சமப்படுத்தி, கை படாமல், 200 டிகிரிக்குக் கூடுதலான சூட்டில் இருக்கும் தட்டில் வைத்து உருக்கி, தட்டை எடுத்த உடனே அழுத்துவார்கள். சரியான ஒட்டில் சுற்றிலும் ஒரே தடிமனில் இரட்டை விளிம்பு சுருண்டு நிற்கும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் முனைகள் நேராகப் பொருந்தவில்லை என்று பொருள். அழுத்திப் பிடித்த நிலையிலேயே தானாக ஆற விட வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதைப் பார்த்தால் அந்த ஒட்டின் இடத்தைக் குறித்துக்கொண்டு பொறியாளரிடம் உடனே சொல்லுங்கள். மண் மூடியபின் அந்த ஒட்டைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரவில் வேலை நின்றதும் திறந்த குழாய் வாயை மூடி போட்டு அடைக்கிறார்களா? சாக்குத்துணி திணித்தால் போதாது. எலியும் சேற்றுநீரும் உள்ளே போகும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும் என்பதும் சின்ன விஷயமல்ல. விளிம்பிலேயே குவித்தால் பக்கம் சரியும், உள்ளே ஆள் இருப்பார்.

பதித்த குழாயின் நடுப்பகுதிகளில் மட்டும் மண் போட்டு, இணைப்புகளைத் திறந்தே வைத்துத்தான் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நீர் நிரப்பி, மேடான இடத்தில் காற்றை வெளியேற்றுவார்கள். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்தமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது. வழக்கமாக இயங்கும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுப்பது பரவலான நடைமுறை. எச்.டி.பி.ஈ. குழாய் கொஞ்சம் விரியும் என்பதால் தொடக்கத்தில் அழுத்தமானியின் முள் இறங்குவது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் முடிவு சொல்லும். முழுவதும் மூடிவிட்டு "சோதனை செய்தாயிற்று" என்றால், தேதியும் அழுத்தமும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கேளுங்கள்.

அடுத்தது குளோரின். லிட்டருக்கு 25 மில்லிகிராம் அளவில் குளோரின் கலந்த நீரை நிரப்பி 24 மணி நேரம் வைப்பது ஒரு வழக்கமான முறை. முடிவில் 10 மில்லிகிராமாவது மீதம் இருக்க வேண்டும். பிறகு நன்றாகக் கழுவி, நீர் மாதிரியைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபின்தான் வீடுகளுக்குத் திறக்க வேண்டும். அந்தக் காட்டமான நீரைக் குளத்திலோ செடிகளிலோ விடக்கூடாது.

வீட்டு இணைப்பு மாற்றும் நாளில் மீட்டர் எண்ணை முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். நீர் திரும்ப வரும்போது முதலில் காற்றுதான் வரும். அதுவும் மீட்டரைச் சுழற்றும். அதனால் வெளிவால்வை மூடி வைத்திருந்து, மெல்லத் திறங்கள். முதலில் வாசல் குழாயை மட்டும் திறந்து, தெளியும் வரை ஓட விடுங்கள். தொட்டி, வாட்டர் ஹீட்டர், வடிகட்டி எல்லாம் அதற்குப் பிறகு. அழுத்தம் குறைவாக இருந்தால் புகார் எழுதும் முன் மீட்டரின் முன்னால் உள்ள சல்லடையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மணல்தான் அடைத்திருக்கும். பழைய குழாயை முனையில் துண்டித்து அடைத்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். அடைக்காமல் விட்டால் கசிவு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பின்னால் திணறுவார்கள்.

மக்கள் அதிகம் திட்டுவது சாலையை. அது கெடுவதோ சாலை போடும் நாளில் அல்ல, மண் நிரப்பும் நாளில். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் கம்பாக்டரால் இறுக்க வேண்டும். மொத்தப் பள்ளத்தையும் ஒரே தள்ளலில் நிரப்பி, பொக்லைன் வாளியால் மேலே நாலு தட்டுத் தட்டினால் மேல் அடுக்கு மட்டும்தான் இறுகும். முதல் பெருமழையில் நடுத்தெருவில் வாய்க்கால் போல ஒரு கோடு இறங்கும். கையால் அழுத்தியே இரும்புக்கம்பி ஓரடிக்கு மேல் இறங்குகிறதென்றால் அங்கே இறுக்கம் இல்லை. நிரந்தரச் சாலை போடும்போது, பள்ளத்தின் இரு ஓரமும் நேராக வெட்டி, குழிக்கு வெளியே உள்ள பழைய தார்மேலும் ஒரு கையகலம் ஏறிவரும்படி போட்டு, சேர்க்கும் கோட்டில் தார் பூசி மூட வேண்டும். வால்வு மூடி சாலை மட்டத்தில் இருக்கட்டும். புதைந்துபோனால் அடுத்த கசிவின்போது வால்வைத் தேடியே பாதி நாள் போகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேமேலே போட்டால் தெரு உயர்ந்து மழைநீர் வாசலுக்குள் வரும். வாசல்படியின் பழைய உயரம் முதலில் எடுத்த படத்தில் இருக்கும்.

புகார் எழுதும்போது ஒரு குறைக்கு ஒரு புகார், ஒரு எண். "சாலை மோசம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "இத்தனையாம் எண் மின்கம்பத்திலிருந்து கிழக்கே 6 மீட்டரில், 2 மீட்டர் நீளத்துக்கு 8 செ.மீ. இறக்கம்" என்று எழுதி, நூல் கட்டி அளந்த படத்தையும் வையுங்கள். வேலை நடக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று முடித்துவிட்டால், அதே எண்ணைக் குறிப்பிட்டு அன்றைய படத்தோடு திரும்பத் திறக்கச் சொல்ல வேண்டும். புதுப்புகார் கொடுத்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

குடியிருப்போர் சார்பில் வேலை நடக்கும் இடத்தில் பேச ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள். மாலை தோறும் அவர் அனுப்பும் செய்தியில் நாளை எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மணிக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது, ஆம்புலன்ஸ் எந்த முனையில் நுழையலாம் என்ற நான்கும் இருந்தால் போதும். கைப்பேசி பார்க்காத முதியவர்களுக்காக அதையே தெருமுனையில் தேதியிட்டு ஒட்டுங்கள். தேதியில்லாத அறிவிப்பு குழப்பத்தைத்தான் கூட்டும்.

ஒப்பந்தத்தில் குறைநீக்கக் காலம் என்று ஒன்று இருக்கும்; வேலை முடிந்தபின் தெரியவரும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் அது. அந்தக் காலம் முடியும் தேதியைப் பணி ஆணையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பாகவே தெருவை நடந்து அளந்து, மீதமுள்ள குறைகளின் பட்டியலைப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேலைக்கு உத்தரவாதமாகப் பிடித்து வைத்திருக்கும் வைப்புத்தொகை கைக்குத் திரும்பும் வரை ஒப்பந்ததாரர் தொலைபேசியை எடுப்பார்.