எஸ்ஏ (வருகைப் பற்றாக்குறை) விழுவதற்குள் படிப்பில் பிரேக் வாங்கிய கதை

ஐந்தாவது செமஸ்டரில் நான் எத்தனை வகுப்புக்குப் போகவில்லை என்பது என்னைவிட என் அப்பாவின் போனுக்கு நன்றாகத் தெரியும். கோவைப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு. முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போய்விடும், உங்கள் மகன் இன்று வரவில்லை என்று, அதுவும் இங்கிலீஷில். அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து பார்த்தால் வரிசையாக நாலைந்து கிடக்கும், ஏதோ பேங்க் மெசேஜ் என்று விட்டுவிடுவார். 2023 செப்டம்பர் முழுக்க இப்படித்தான் போனது. ஒரு பையன் மூன்று வாரமாகக் காலை வகுப்பு எதற்கும் வரவில்லை என்பது கல்லூரியின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் ஒரு மனுசன் கூட ரூம் வரைக்கும் வந்து என்னப்பா என்று கேட்கவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே காரணமாகச் சொல்ல வராது. காதல் தோல்வி, ராகிங், அரியர் எதுவும் கிடையாது. சிஜிபிஏ 8.7, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன். காலையில் கண் விழிக்கும், உடம்பு எழாது, அவ்வளவுதான். பல் துலக்குவது ஒரு பெரிய வேலையாகத் தெரியும், மெஸ் மூடியபிறகு பிஸ்கட் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு அவ்வப்போது வந்துவிட்டுப் போகும். அக்டோபரில் ஒரு ராத்திரி அது வந்தது, போகாமல் உட்கார்ந்துகொண்டது.

மெஸ்ஸில் கை கழுவும் இடத்தில் 14416 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, நம் ஊரில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. தினமும் பார்த்துப் பார்த்து நம்பர் மனப்பாடம் ஆகியிருந்தது. அந்த ராத்திரி அதற்குப் போன் போட்டேன். எடுத்த அக்கா தமிழில் பேசினார். கொஞ்சம் பேசவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்: “தம்பி, செத்துப்போகணும்னு தோணுதா?” இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எனக்கு அந்தக் கேள்வி வந்தபிறகுதான் ஆமாம் என்று சொல்ல முடிந்தது, சொன்னதும் அழுகை வந்தது. “ரூம்ல யாரு இருக்காங்க? எழுப்புங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். எழுப்பினேன். என் ரூம்மேட் பெரிதாக எதுவும் பேசவில்லை, தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலிலேயே சாய்ந்துகொண்டான், விடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு “வாடா மச்சான், கவுன்சிலர்கிட்ட போலாம்” என்றான்.

எங்கள் கல்லூரியின் கவுன்சிலிங் அறை பிளேஸ்மெண்ட் செல்லுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உள்ளே யார் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று வெளியே இன்டர்வியூவுக்கு டை கட்டி நிற்கிறவன் பார்க்கலாம். வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு நீள நோட்டு. பெயர், துறை, ரோல் நம்பர், கடைசிக் கட்டத்தில் ‘காரணம்’. எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது: அரியர், வீட்டுப் பிரச்சினை, லவ், தூக்கம் வரவில்லை, மறுபடி லவ். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பெயர் அதில் இருந்தது. நான் காய்ச்சல் என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.

கவுன்சிலர் என்று இருந்தவர் மேத்ஸ் மேடம், இது அவருக்குக் கூடுதல் பொறுப்பு. நல்லவர்தான், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் பயிற்சி இல்லாத ஒருவரிடம் இதைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. “எட்டு புள்ளி ஏழு வெச்சிருக்க, உனக்கென்னப்பா குறை” என்றார், யோகா செய்யச் சொன்னார், அப்புறம் பயந்துபோய் துறைத் தலைவர் எச்ஓடியிடம் சொன்னார், எச்ஓடி வார்டனிடம் சொன்னார், சாயந்திரம் மெஸ் வரிசையில் வார்டன் எல்லார் முன்னாலும் “பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா, அதுவரைக்கும் ஹாஸ்டல்ல இருக்க வேணாம்” என்றார். உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் வீட்டுக்குச் சொல்வது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. மெஸ் வரிசைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

அப்பா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார், கைலியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு. “ஏஞ்சாமி, முன்னயே சொல்லியிருக்கலாமுல்ல” என்றதோடு சரி. பிரைவேட் டாக்டருக்குக் காசில்லை, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனோம், மனநலப் பிரிவு அங்கே உண்டு. ஓபி சீட்டு எழுதும் இடத்தில் எந்த டாக்டர் என்று கேட்டதும் அப்பா ஜன்னலுக்குள் தலையை விட்டு மெதுவாகச் சொன்னார். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று எத்தனை படத்தில் சிரித்திருப்போம், 1794-இல் இருந்து நடக்கிற ஒரு மனநல ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், அப்பாவும் சிரித்தவர்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசியிருப்பார். டிப்ரஷன் என்றார், மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதே, தனியாக இருக்காதே என்றார். 15 நாள் மாத்திரை, இலவசம். பஸ் செலவு மட்டும்தான்.

இதற்குமேல்தான் காகித வேலை, இனி இதில் மாட்டப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எச்ஓடி “மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டா, பாத்துக்கலாம்” என்று அனுப்பிவிட்டார். ஆபீஸில் இருந்த சூப்பிரண்டு மேடம்தான் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அன்றைக்கு என் வருகை 48 சதவீதம். “இனி ஒரு நாள் விடாம வந்தாலும் 63 சொச்சம்தான் வரும். சர்டிஃபிகேட் எல்லாம் 65-லேருந்து 75-க்குள்ள இருக்கறவங்களுக்கு. உனக்கு எஸ்ஏ விழும்” என்றார். எஸ்ஏ என்றால் வருகைப் பற்றாக்குறை: பரிட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும், சிறப்பு முதல் வகுப்பும் போய்விடும். “நீ பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு எழுது.” மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில் இது இருக்கிறது. நீண்டநாள் உடல்நலக் குறைவு மாதிரி நியாயமான காரணம் இருந்தால் ஒரு வருஷம் அனுமதியோடு இடைவெளி எடுக்கலாம், பட்டத்தில் முதல் வகுப்பா, சிறப்பு முதல் வகுப்பா என்று கணக்கிடும்போது அது உங்களுக்கு எதிராகப் போகாது. ஆனால் செமஸ்டர் பரிட்சைக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் முதல்வர் வழியாக விண்ணப்பம் போயிருக்க வேண்டும். எஸ்ஏ விழுந்தபிறகு அதையே பிரேக்காக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. எங்களுக்கு ஒன்பது நாள் இருந்தது. சர்டிஃபிகேட்டில் என்ன வருமோ என்று எனக்குப் பயம், டாக்டரிடம் கேட்டேன். சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், நோயின் பெயர் இல்லை. முதல்வர் கையெழுத்துக்கு மட்டும் மூன்று நாள் அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், மூன்று ஷிப்ட் போச்சு. முதல் பட்டதாரி சலுகை திரும்பி வந்தபின் தொடருமா என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதை வாய்வார்த்தையில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எட்டு மாதம். மாத்திரை, தூக்கம், அப்புறம் மெல்ல மெல்ல அப்பாவோடு தறிக்குப் போய் நூல் முடிந்து கொடுக்கிற அளவுக்கு வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

2024-இல் திரும்பப் போனபோது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டார்கள், சரி. கூடவே முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி, ஏற்கனவே டைப் அடித்து வைத்தது: மாணவனுக்கு ஏதாவது நேர்ந்தால் கல்லூரி பொறுப்பல்ல, பெற்றோரே முழுப் பொறுப்பு. இங்கிலீஷில் இருந்தது. அப்பா பேனாவைத் திறந்துவிட்டு என்னிடம் கேட்டார், “என்ன கண்ணு எழுதிருக்குது?” அட்மிஷனுக்குப் போட்டது மாதிரிதான்ப்பா என்று சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். இந்த மொத்தக் கதையில் எனக்கு இன்னும் ஆறாதது அந்த ஒரு தாள்தான்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் விசாகப்பட்டினத்தில் இறந்துபோன நீட் மாணவி ஒருவரின் வழக்கில் 15 வழிகாட்டுதல்கள் கொடுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள ஒரு கவுன்சிலராவது வேண்டும், ஊழியர்களுக்கு வருஷம் இரண்டு முறை பயிற்சி, ஹாஸ்டலில் உதவி எண்கள் கண்ணில் படுகிற மாதிரி என்று போகிறது. 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்தில் கட்டிலில் படுத்தபடி அதைப் படித்தேன். எங்கள் கல்லூரி முதலில் செய்தது மொட்டைமாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. பையன்கள் கிண்டல் செய்தார்கள், நான் செய்யவில்லை, அந்த மாதிரித் தடை அந்த நேரத்துக்கு உயிரைக் காப்பாற்றும். ஆனால் பூட்டு வாங்கின கையோடு இன்னொன்றும் செய்யுங்கள் என்று மாணவர் குழுவில் எழுதிக் கொடுத்தேன்: ஐந்து நாள் தொடர்ந்து வராதவனின் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போவதோடு, டியூட்டர் அன்றைக்கே நேரில் ரூமுக்குப் போய்ப் பார்க்கட்டும். பார்க்கலாம் என்றார்கள். முத்திரைத்தாள் பற்றியும் எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை.

செப்டம்பரில் முறையாகப் படித்த ஒரு கவுன்சிலர் வந்தார், சின்ன வயசுதான். நான் போனபோது வாசலில் அந்த நோட்டு இல்லை. எங்கே மேடம் என்று கேட்டேன். பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன், இனிமே யாரும் பேர் எழுத வேணாம் என்றார். வேறு அறை கேட்டிருக்கிறாராம், இன்னும் கிடைக்கவில்லை. கண்ணாடி முழுக்கப் பழைய தினத்தந்தியைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்.