லேபிள் இல்லாத ஸ்கார்ஃப்

நவம்பர் 4, செவ்வாய்

மாடி வீட்டு அம்மா ஒரு பட்டு ஸ்கார்ஃப் கொண்டுவந்து காட்டினார். மகன் எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்ததாம். டிசைனுக்குள்ளேயே ஹெர்மெஸ், பாரிஸ் என்று அச்சடித்திருக்கிறது, விலை உயர்ந்த பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். லேபிளை மட்டும் காணோம். “கழுத்துல குத்துச்சும்மா, வெட்டிப் போட்டேன்.” எட்டாயிரம் சொல்கிறார். நிஜமென்றால் கொள்ளை மலிவு. பார்த்துவிட்டுச் சொல் என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 5, புதன்

லேபிள் இல்லாததைப் பெரிய குறையாக நினைக்கவில்லை. நிஜ ஸ்கார்ஃபிலும் பலர் வெட்டிவிடுவார்கள். போலி செய்பவனுக்கோ லேபிள் ஒட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. என் அம்மா சுங்குடிச் சேலை எடுக்கும்போது லேபிளா பார்த்தாள்? புள்ளியைத் தடவிப் பார்ப்பாள். முடிச்சுப் போட்டு அவிழ்த்த இடம் லேசாகப் புடைத்திருக்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சடித்ததென்றால் வழவழவென்று எல்லாம் ஒரே அச்சு.

ஹெர்மெஸ் குதிரைச் சேணம் செய்ய 1837இல் ஆரம்பித்த கம்பெனி, ஸ்கார்ஃபுக்கு வந்தது 1937இல். வழக்கமான அளவு 90 செ.மீ. சதுரம். டேப் வைத்தேன், ஒரு பக்கம் 89. துவைத்த பட்டு அவ்வளவு சுருங்கும், சரி. நெசவும் ஜீன்ஸ் துணி மாதிரி சாய்வுக் கோடுதான். சாயம் பின்பக்கம் வரை நன்றாக இறங்கியிருக்கிறது. மனசுக்குள் எட்டாயிரத்தை எண்ணிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை. ஸ்கார்ஃப் பீரோவில்.

நவம்பர் 8, சனி

மதுரை புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடை ஒன்றில் காட்டினேன். அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை, நேராக ஓரத்துக்குப் போனார். நிஜ ஸ்கார்ஃபில் ஓரத்தை முன்பக்கமாகச் சுருட்டி, கையால் தைத்து, உருண்டையாக விட்டிருப்பார்கள். இதில் மடிப்பு பின்பக்கம், தட்டையாக, ஒரே சீராக ஓடுகிற மெஷின் தையல்.

“யாராவது பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்கலாமே அண்ணே?”

“தைச்சிருந்தா பழைய ஊசித் துளை இருக்கணும்ல? வெளிச்சத்துல பிடிங்க.”

பிடித்தேன். ஒரு துளையும் இல்லை. ஓரத்தில் தொங்கிய நூலை நறுக்கித் தீக்குச்சியில் காட்டினார். சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பட்டு நூலென்றால் முடி பொசுங்கிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்திருக்கும். துணி பட்டாகவே இருக்கலாம், அதை எரித்துப் பார்க்க மனம் வரவில்லை. பட்டென்றாலும் ஹெர்மெஸ் ஆகிவிடாதே.

நவம்பர் 9, ஞாயிறு

மகன் கொடுத்தது என்பதால் சொல்ல வாய் வரவில்லை. ஓரத்தை மட்டும் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“விலை என்னடான்னு அன்னைக்கே கேட்டேன், சொல்லாம சிரிச்சான் படுவா. நீ முந்நூறு குடு, போதும்.”

கொடுத்தேன். வண்டியில் போகும்போது தூசிக்கு முகத்தில் கட்டிக்கொள்ளலாம்.