லெஸ்டர் டு லஃப்பரோ, போக வர ஒரு ஷில்லிங்

போன மாசம் ஒரு சனிக்கிழமை பர்மிங்காம்ல இருந்து லெஸ்டர் போயிருந்தேன். இந்த ஊருக்கு நம்ம ஆளுங்க பெரும்பாலும் பெல்கிரேவ் ரோட்டுல குஜராத்தி சாப்பாடு சாப்பிடத்தான் போவாங்க, நான் போனது ஒரு சிலையப் பாக்க. ஸ்டேஷன விட்டு வெளிய வந்ததுமே லண்டன் ரோடு ஓரமா நிக்கிறாரு, குடை, பெட்டியோட, இப்பத்தான் ட்ரெயினுக்குக் கிளம்புற மாதிரி. தாமஸ் குக்.

அந்தப் பேர நான் ரொம்ப நாளா ஒரு ட்ராவல் கம்பெனி பேராத்தான் நினைச்சிருந்தேன். ஆளு பாத்தா ஒரு தச்சர், பாப்டிஸ்ட் பிரசங்கியார், குடின்னா ஆகவே ஆகாது. 1841ல மார்க்கெட் ஹார்பரோல இருந்து லெஸ்டருக்கு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு 15 மைல் நடந்தே வந்திருக்காரு, வர்ற வழியில தோணிருக்கு, புதுசா போட்ட இந்த ரயில்ல நம்ம கூட்டத்தையே ஒண்ணா ஏத்திட்டுப் போனா என்னன்னு. ரயில்வே கம்பெனிகிட்ட பேசி, ஜூலை 5ஆம் தேதி சுமார் 500 பேர லஃப்பரோவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாரு. போக வர ஒரு ஷில்லிங். கூரை இல்லாத பெட்டி, புகை முகத்துலயே அடிக்கும், ஆனா ஊர விட்டு வெளியவே போகாத தொழிலாளிங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! ரயில் டூர் அவருக்கு முன்னாடியே சிலர் நடத்திருக்காங்க, அத சொல்லிடணும், ஆனா அதையே வாழ்க்கையா எடுத்துக்கிட்டவர் இவர்தான்.

நானும் அதே ரூட்டுல ஏறினேன். 11 மைல்தான், ஜன்னல் சீட் பிடிச்சு உக்காந்து நிமிர்றதுக்குள்ள லஃப்பரோ வந்துடுச்சு. அன்னைக்கு அவங்க போய் டீ குடிச்சு, விளையாடி, பேச்சு கேட்ட இடம் ஒரு பெரிய வீட்டுத் தோட்டம், இப்ப அந்தப் பக்கம் சவுத்ஃபீல்ட்ஸ் பார்க் இருக்கு. பெருசா பாக்க ஒண்ணும் இல்ல, புல்லு, மரம், நாய் கூட்டிட்டு வர்றவங்க. ஆனா எனக்கு எந்திரிக்க மனசே வரல, கொண்டு போன புளிசாதத்த அங்கயே உக்காந்து சாப்பிட்டேன்.

அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஊர் சுத்திப் பாக்குறதுன்னா பிரபு வீட்டுப் பசங்க வாத்தியாரோட மாசக்கணக்குல பாரிஸ், ரோம்னு போறதுதான். அதனால குக் சாதாரண ஜனங்கள இத்தாலிக்கெல்லாம் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சதும் சிலருக்கு பயங்கர எரிச்சல். சார்ல்ஸ் லீவர்னு ஒரு எழுத்தாளர், இவங்கள பிரிட்டன் நாடு கடத்தி, ஆஸ்திரேலியாவே ஏத்துக்காத கைதிங்கன்னே 1865ல எழுதினாரு. படிக்கும்போது எனக்குக் கோவமா வந்துச்சு. இன்னைக்கும் "கும்பல் கும்பலா வந்து இடத்தையே கெடுத்துட்டாங்க"ன்னு பேச்சு வருது, கூட்டத்தால வாடகை ஏறி வெனிஸ்ல, பார்சிலோனால அந்த ஊர்க்காரங்க படுற கஷ்டம் நிஜம், அத நான் மறுக்கல. ஆனா கைல கம்மியா காசு வச்சிருக்கவன் வரவே கூடாதுங்கற பேச்சு அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு.

1863ல குக் கூட்டிட்டுப் போன ஸ்விட்சர்லாந்து டூர்ல ஜெமைமா மோரல்னு யார்க்‌ஷயர் பொண்ணு ஒருத்தங்க போய், கோவேறு கழுதை மேலயும் நடந்தும் மலை ஏறி டைரி எழுதி வச்சிருக்காங்க. புருஷனோ அப்பாவோ கூட இல்லாம ஒரு பொண்ணு வெளிநாடு போறது அந்தக் காலத்துல எவ்ளோ பெரிய விஷயம், குரூப் டூர்னு ஒண்ணு இருந்ததாலதான் அது நடந்துச்சு. 1872ல கிளம்பி குக்கே 222 நாள் உலகத்தச் சுத்தி வந்திருக்காரு, அமெரிக்கா, ஜப்பான், சீனா, அப்புறம் நம்ம பக்கம் சிலோன், இந்தியா. கடைசி காலத்துல பாவம் கண்ணு தெரியாம போச்சு, 1892ல இறந்துட்டாரு.

சாயங்காலம் திரும்ப லெஸ்டர் வந்து காலோட்ரீ கேட்ங்கற தெருவுல கம்பெனியோட பழைய பில்டிங்கப் பாத்தேன். முகப்புல நாலு சிற்பம், முதல்ல 1841 ரயில், அடுத்தது 1851 லண்டன் கண்காட்சி. கம்பெனி 2019 செப்டம்பர்ல திவாலாகி, வெளிநாட்டுல மாட்டுன ஒன்றரை லட்சம் பிரிட்டன்காரங்கள அரசாங்கம்தான் விமானம் வச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. அந்த 1841 ரயில் சிற்பத்துக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னேன். ஷாப்பிங் பையோட போறவங்க யாரும் மேல பாக்கல, ஒரு சின்னப் பையன் மட்டும் நான் எதப் பாக்குறேன்னு நிமிர்ந்து பாத்துட்டு, "ட்ரெயின்!"னு அவங்க அம்மா கையப் பிடிச்சு இழுத்தான்.