பச்சைப் புள்ளி

பக்கத்து சீட் நண்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைத்தார். அதன் மேல் மவுஸை வைத்தார். சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன்.

மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம். அதன் கீழே விநாடி முள் ஓடுகிறது. முள் நகர்வதைக் கை நகர்வதாக நினைத்துக்கொள்கிறது மவுஸ். திரையில் அம்புக்குறி லேசாக நடுங்க, ஆபீஸ் சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் வேலையில் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி அணையவே இல்லை.

ஐந்து நிமிடம் கை ஓய்ந்தால் அது மஞ்சளாகிவிடும். ஆள் சீட்டில் இல்லை என்று அர்த்தம்.

(இதற்கு முள் கடிகாரம்தான் வேண்டும். என் கையில் இருப்பது ஸ்மார்ட்வாட்ச். அது என் இதயத்துடிப்பையே எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நானே காசு கொடுத்து வாங்கியதுதான்.)

இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டுகிறேன். முன்பெல்லாம் நாம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2020-இல் மைக்ரோசாஃப்ட் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' கொண்டுவந்தது. யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட் செய்தார் என்று பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே டிசம்பரில் பெயர்களை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள்.

அதெல்லாம் சரி, யோசிக்கிறவன் கை எப்போது அசைந்தது? நேற்று ஒரு பிழையை அரைமணி நேரம் ஜன்னலை வெறித்துத்தான் கண்டுபிடித்தேன். கணக்கில் அது மஞ்சள்.

நண்பர் திரும்பி வந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "என்ன சார், உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

சிரித்து மழுப்பிவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் பழைய முள் கடிகாரம் ஒன்று கிடக்கிறது. பேட்டரி மாற்றணும்.